யானாவின் பதினேழு சீட்டுகள்

தோன்காவுக்குப் பொய் சொல்ல வராது. தலைநகர் சோஃபியாவில் ஓர் அகராதி ஆபீஸின் மூன்றாவது மாடியில் வேலை பார்த்த பதினோரு பேருக்கும் இது தெரியும். நேரம் கழித்து வந்தால் மற்றவர்கள் டிராம் மேல் பழியைப் போடுவார்கள். தோன்கா மட்டும் "தூங்கிப்போயிட்டேன்" என்பாள். புதுசாக முடி வெட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்ட பக்கத்து மேஜை வெனெத்தாவிடம், "காது பெருசாத் தெரியுது" என்று சொல்லி, ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தவள். அப்படிப்பட்டவள் பதினேழு வருஷம், மே மாதம் தவறாமல், ஒரு பொய்யை எழுதி இழுப்பறைக்குள் போட்டு வந்தாள். என்ன பொய் என்று தெரிந்தால் உங்களுக்கும் அவளைத் திட்ட மனசு வராது. எனக்கு வரவில்லை.

அவள் ரோசாவெத்ஸ் கிராமத்துக்காரி. ரோஜா விளைகிற பள்ளத்தாக்கு. ரோஜா என்றதும் யாரும் உருக வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பூவில் எண்ணெய் நிற்காது. விடியும்போதே இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், ஒன்பது மணிக்குக் கை முழுக்க முள் கீறல். பறிப்பதற்கு அங்கே 'பெரா' என்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும், பாதி வாழ்க்கையை ஓட்டிவிடுவார்கள். கவலைப்பட்டால் கவலையை பெரா. முள் குத்திய விரலில் சீழ் கோத்தால், விரல் பெரா. கிழவர் ஒருவர் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், உயிரை பெரா. தோன்கா இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தாய்ப்பாலோடு வந்தது.

இருபத்து மூன்றில் மின்சோவைக் கட்டிக்கொண்டாள். ரயில்வேயில் சிக்னல்காரன், நல்ல மனுஷன், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன் மாதிரி பேசமாட்டான். அடுத்த வருஷமே, 1955இல், அவள் வயிறு நிறைந்தது. ஏழாம் மாதம் ரோஜா அறுவடையில் வந்து விழுந்தது. "வீட்ல கிட" என்று எல்லாரும் சொன்னார்கள். கிடப்பாளா? வரிசை வரிசையாகப் பறித்துக்கொண்டே வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பேரும் வைத்துவிட்டாள். அங்கேதான் சிக்கல். முதல் பெண் குழந்தைக்குப் புருஷனுடைய அம்மா பேர்தான் வைக்க வேண்டும், அது எழுதாத சட்டம். மாமியார் பேர் ஸ்தாங்கா. "ஸ்தாங்கா பொறக்கப் போறா" என்று அந்த அம்மாள் தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். தோன்காவுக்கு யானா என்ற பேரின் மேல் கொள்ளை ஆசை. யாரிடம் போய்ச் சொல்வது? வயிற்றிடம் சொன்னாள். தோட்டத்தில் பக்கத்து வரிசைக்குக் கேட்காத குரலில், யானா, யானா என்று.

ஜூன் பிறந்து மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். "பொம்பளப் புள்ள" என்றாள் போகிற போக்கில். முகத்தைக் காட்டவில்லை, கேட்கத் தோன்காவுக்கும் வாய் வரவில்லை.

எங்கள் பக்கம் செத்தவர்களை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட மாட்டோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருஷம், பத்து வருஷம் என்று போட்டோ போட்ட காகிதத்தை வாசற்கதவில் ஒட்டிக்கொண்டே இருப்போம். நீத்தார் சனிக்கிழமையில் வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்துப் போய், கல்லறையில் நின்று ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பகிர்ந்து கொடுப்போம். ஞானஸ்நானம் ஆகாமல் போன குழந்தைக்கு இது எதுவும் கிடையாது. அந்த வருஷம் தோன்கா கோதுமைத் தட்டோடு போய் நின்றாள். மாமியார் முழங்கையால் இடித்து, "அதுக்கு ஏதுடி பேரு? பேரில்லாததுக்கெல்லாம் கோதுமை வைக்கக் கூடாது, வா" என்றாள். கல்நெஞ்சக்காரி இல்லை அவள், சம்பிரதாயம் பேசினாள். ஆனாலும் அந்த நேரத்தில் அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

பிறகு குழந்தை தங்கவில்லை. மின்சோவுக்கு சோஃபியாவுக்கு மாற்றலானது. தோன்கா டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு அகராதி ஆபீஸில் சேர்ந்தாள்.

அங்கே வேலை இப்படி. நாட்டில் எவர் எந்த மூலையில் பேசினாலும் அந்தப் பேச்சு உள்ளங்கை அகலச் சீட்டில் ஏறும். மேலே சொல், நடுவில் சொன்ன வாக்கியம் அப்படியே, கீழே சொன்னவர் பேர், வயசு, ஊர். பிறகு அது அகரவரிசையில் இழுப்பறைப் பெட்டிக்குள் போகும். பேர் இல்லாத சீட்டு நேராகக் குப்பைக்கூடைக்குப் போகும். ஆபீஸ் தலைவர், பெரியவர் அசேன் வக்கரேலவ், இந்த விஷயத்தில் ராட்சசன். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், மத்தியானம் ஒரு கிண்ணம் தயிரைத் தவிர எதுவும் சாப்பிடமாட்டார், பேரில்லாத சீட்டைப் பார்த்தால் அந்தத் தயிரும் இறங்காது. "ஆளில்லாத வாக்கியம் அனாதை. நம்ம வீட்ல அதுக்கு இடமில்ல" என்பார். இன்னொரு சட்டமும் உண்டு: ஆபீஸில் வேலை செய்கிறவர்கள் தங்கள் பேச்சுக்குத் தாங்களே சாட்சியாகக் கூடாது. குழம்பு வைத்தவனே அதுக்கு மார்க்கும் போட்டுக்கொள்ளலாமா?

1962 மே மாதம் ஒரு காலை, ஜன்னலோரப் பூத்தொட்டியில் நத்தை ஊர்வதைப் பார்த்து தோன்கா தன் ஊர்ப் பேரால் அதைக் கூப்பிட்டாள். வெனெத்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னக்கா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க! நம்ம பெட்டியில அந்தச் சொல்லே இல்லையே?"

இல்லைதான். தோன்கா தேடிப் பார்த்தாள். விட்டுவிட மனசில்லை, தன் பேரைப் போடவும் முடியாது. வெற்றுச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் கை தானாக எழுதியது: யானா, 7, ரோசாவெத்ஸ். எழுதிவிட்டுப் பார்த்தாள். இருந்திருந்தால் அடுத்த மாசம் ஏழு வயசு. நத்தையைப் பார்த்து அப்படித்தான் கத்தியிருப்பாள். கிழித்துப்போட வேண்டும் என்று எழுந்தவள், இழுப்பறையைத் திறந்து உரிய இடத்தில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுக்க அவள் உடம்பு லேசாக இருந்தது.

அடுத்த மே யானாவுக்கு எட்டு. அதற்கடுத்த மே ஒன்பது. பதினாலில், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு ஊரில் இருக்கிற சொல்லைக் கொடுத்தாள். பத்தொன்பதில், கைகோத்து ஆடும்போது காலை மிதிக்கிறவனைத் திட்டுகிற சொல். வேறு எந்தத் தாய்க்கும் பிள்ளை வளர்வது வீட்டுக்குள் தெரியும். தோன்காவுக்கு இழுப்பறைக்குள் தெரிந்தது. சொற்கள் அத்தனையும் நிஜம், வாக்கியமும் நிஜம். அக்கா சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, தானே சொன்னது. ஆள்தான் இல்லை.

1978இல் இங்கிலாந்திலிருந்து அசேனுக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கேயும் ஓர் அகராதிக்காரர், அவருக்கும் வேறு வேலையில்லை. ஆங்கிலத்தில் 'பேர்' (bear) என்று ஒரு வினைச்சொல் இருக்கிறதே, அதனுடைய உறவுக்காரர்கள் உங்கள் நாட்டில் இன்றைக்கு எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்.

"கரடிதானே சார் அது?" என்றாள் வெனெத்தா.

"கரடியும் இல்ல, உங்க பாட்டனும் இல்ல. கரடி வேற வீட்டுப் புள்ள, சத்தம் மட்டும் ஒண்ணு" என்று சீறினார் அசேன். "தோன்கா, நீங்க டைப் பண்ணுங்க. இவகிட்ட பேசினா என் பிளட் பிரஷர் ஏறுது."

அவர் நடந்துகொண்டே சொல்ல, தோன்கா அடித்தாள். ஆங்கிலேயனுக்கு அந்த ஒரே சொல்லில் மூட்டை சுமப்பது, பிள்ளை பெறுவது, வலி பொறுப்பது மூன்றும் அடக்கம். கிரேக்கன் 'ஃபேரோ' என்று சுமந்தான். ரோமாபுரிக்காரன் 'ஃபெரோ' என்று சுமந்தான். ஆர்மேனியன் 'பெரெம்' என்று கொண்டுவருகிறான், அல்பேனியனும் கொண்டுவருகிறான், பாரசீகன் கொண்டுபோகிறான். இந்தியாவில் வடமொழியில் 'பரதி', சுமக்கிறான். தமிழில் மூச்சுக்கு மூச்சு வருகிற 'பாரம்' கூட அந்த வீட்டுப் பிள்ளைதான். எல்லாரும் ஒரு காலத்தில் ஒரே வாயால் பேசியவர்கள், பிரிந்து போகும்போது ஆளுக்கொரு பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நாம மட்டும் என்ன பண்ணினோம்?" அசேன் நின்றார். "மூட்டையைக் கீழ போட்டுட்டுப் பூப் பறிக்கப் போயிட்டோம்! அதே வீட்டுப் புள்ளதான் நம்ம 'பெரா', அதுக்கு நானூறு சீட்டு இருக்கு. ரோஜா இருக்கு, திராட்சை இருக்கு, கவலை இருக்கு, சீழ் இருக்கு, சாவு கூட இருக்கு. சுமக்கறது ஒண்ணு கூட இல்ல. கர்ப்பிணிக்கு நாம சொல்ற சொல் அதே வேர்ல வந்ததுதான், ஆனா வினை செத்துப்போச்சு. பதினோரு வருஷமாத் தேடறேன். புள்ளையச் சுமக்கறேன்னு 'பெரா' போட்டுச் சொல்றவ ஒருத்தி, இந்த நாட்டுல ஒருத்தி, எனக்குக் கிடைக்க மாட்டேங்கறா."

தோன்காவின் விரல் டைப்ரைட்டர் மேல் அப்படியே நின்றது. ரோசாவெத்ஸில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சொல்லியிருக்கிறாள்.

அது மே மாதம். யானாவுக்கு இருபத்து மூன்று. தோன்கா இரண்டு நாள் யோசித்தாள், மூன்றாம் நாள் எழுதினாள். 'பெரா' என்று மேலே, நடுவில், "ஏழு மாசமா உன்னைச் சுமக்கறேன், கனமே தெரியலடி." கீழே: யானா, 23, ரோசாவெத்ஸ்.

சீட்டு அசேன் கைக்குப் போன அன்று மூன்றாவது மாடி அதிர்ந்தது. மனிதர் தயிர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டு எழுந்து, வெனெத்தாவைக் கட்டிப்பிடித்து, அவள் "சார், தயிர்! என் பாவாடை!" என்று கத்தக் கத்த அறையைச் சுற்றி வந்தார்.

"தோன்கா! உங்க ஊருப் பொண்ணு! யாரு இவ?"

"தெரிஞ்ச பொண்ணு சார்" என்றாள் தோன்கா. அதுவரை வாயால் ஒரு பொய் சொன்னதில்லை அவள். இதுவும் முழுப் பொய் இல்லை.

அசேன் இழுப்பறைகளைக் குடைந்து மிச்சப் பதினாறு சீட்டையும் பார்த்துவிட்டார். ஏழு வயசிலிருந்து பேசுகிற பெண்! தொண்ணூறு வயசுக் கிழவிகளைத் துரத்திக்கொண்டு அலைகிறோம், இங்கே ஒரு சின்னப் பெண் வாயில் மூவாயிரம் வருஷத்துச் சொல் உயிரோடு கிடக்கிறதே! இங்கிலாந்துக்குப் பதில் தயாரானது. யானாவின் வாக்கியம் நட்டநடுவில். நேரில் பார்த்து, அவள் குரலை டேப்பில் பதிந்த பிறகு தபாலில் போடுவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை ரயில்.

"ஏழு மாசம்னு சொல்லியிருக்கா பாருங்க. புள்ள பொறந்துட்டா நம்மகிட்ட பேச அவளுக்கு ஏது நேரம்? அதுக்குள்ள போயிடணும்" என்றார். புதன்கிழமை மத்தியானம் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கட்டைவிரல் அளவில் இரண்டு கம்பளிக் காலுறைகள், மஞ்சள் நிறம். "வீட்ல பின்னிக் குடுத்தா. வெறுங்கையோட போகாதீங்கன்னு ஒரே தொல்லை. மஞ்சள்னா பையனுக்கும் ஆகும், பொண்ணுக்கும் ஆகும்னா. சரிதானே?"

தோன்கா அதைக் கையில் எடுத்தாள். அப்புறம் கீழே வைத்தாள். ஐயோ, அந்த நிமிஷம் அவள் பட்ட பாட்டை நான் எப்படிச் சொல்ல! ரயிலேறினால் ஊரில் யானா என்று ஒருத்தி கிடையாது என்பது முதல் வீட்டிலேயே தெரிந்துவிடும். ஒரு சீட்டு பொய் என்றால் அவள் கை பட்ட ஆயிரக்கணக்கான சீட்டுக்கும் சந்தேகம் வரும், பெரியவர் மானம் கப்பலேறும், வேலையும் போகும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சொல்லிவிட்டால் பதினேழு சீட்டையும் கிழித்துப் போடுவார்கள். உலகத்தில் யானாவின் பேர் எழுதியிருக்கிற இடம் அது ஒன்றுதான்.

"சார், நாளைக்குப் போக வேணாம்."

"ஏன்? உடம்பு சரியில்லையா அவளுக்கு?"

"அவ இல்ல சார்."

அசேன் முகம் மாறியது. "செத்துட்டாளா?"

"பொறக்கவே இல்ல" என்றாள் தோன்கா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ், கோதுமைத் தட்டு, நத்தை, எல்லாம். அழவில்லை. டைப் அடிக்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னாள்.

அசேன் மஞ்சள் காலுறைகளை எடுத்துப் பைக்குள் திணித்தார். பிறகு பேசினார், மாடி முழுக்கக் கேட்டது. "பதினேழு வருஷமா! என் பெட்டியில! வேற யார் செஞ்சிருந்தாலும் மன்னிச்சிருப்பேன். நீங்க, தோன்கா? உங்க ஒருத்தர் சீட்டைத்தான் நான் திருப்பிப் பார்க்காம கையெழுத்துப் போடுவேன்!" வெனெத்தா கதவருகே வந்து நின்று, "சார், மெதுவா" என்றாள். "நீ போ!" என்றார். அவள் போகவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார் கடைசியில்.

தோன்கா போனாள். எந்தப் பெட்டி, எந்த வரிசை என்று தேடவேண்டிய அவசியமே இல்லை அவளுக்கு. எட்டு நிமிஷத்தில் பதினாறையும் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினாள், பதினேழாவது அங்கேயே இருந்தது. அசேன் முதல் சீட்டைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். கிழிப்பார் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள் தோன்கா.

"உட்காருங்க. இது யார் சொன்னது? நெசமாச் சொல்லணும்."

"நான்தான் சார். அந்த ஜன்னல்கிட்ட நின்னு."

"நான் கேட்டேன்க்கா!" என்றாள் வெனெத்தா கதவருகிலிருந்து. "நான் சாட்சி!"

அசேன் அவளை முறைத்தார். ஆனால் புதுச் சீட்டு எடுத்து, தன் கையாலேயே எழுதினார்: தோன்கா, 31, ரோசாவெத்ஸ், கேட்டவர் வெனெத்தா. பழையதைக் குறுக்கே கிழித்துக் கூடையில் போட்டார். அடுத்தது, தோன்காவின் அக்கா. அதற்கடுத்தது, பக்கத்து வீட்டுக்காரி. அவர் கேட்க, இவள் சொல்ல, ஒவ்வொரு சொல்லும் அதனதன் வாய்க்குத் திரும்பிப் போயிற்று. எட்டு வயசு போனது, பதினாலு போனது, பத்தொன்பது போனது. ஒவ்வொரு கிழிசலுக்கும் தோன்கா கண்ணை மூடித் திறந்தாள். தடுக்கவில்லை. பெரியவர் செய்வது சரி என்று அவளுக்குத் தெரியும், அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை.

கடைசிச் சீட்டு.

"இது?"

"நான் சொன்னது."

"உங்க ஊர்ல வேற யாராவது இப்படிச் சொல்வாங்களா? இல்ல இதையும் கட்டிவிட்டீங்களா?"

"எங்கம்மா திட்டும்போதெல்லாம் சொல்வாங்க சார். உன்னை ஒம்பது மாசம் சுமந்தேனே பாவின்னு, இதே சொல்லுல. அக்காவும் சொல்லுவா. நாளைக்கே போய்க் கேளுங்க."

"கேப்பேன். நீங்க எப்ப சொன்னீங்க?"

"அம்பத்தஞ்சு, மே. தோட்டத்துல, பறிச்சுக்கிட்டே."

"யார்கிட்ட?"

தோன்கா தலையைக் குனிந்துகொண்டாள். அசேன் மறுபடி கேட்கவில்லை. கழுத்துக் கயிற்றிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"அந்தப் பேரு. அது அப்பவே வெச்சதா, பின்னாடி இந்தச் சீட்டுக்காக வெச்சதா?"

"அப்பவே சார். யாருக்கும் தெரியாது, அவ அப்பாவுக்கே தெரியாது. எனக்கும் அவளுக்கும்தான்."

அசேன் புதுச் சீட்டு எடுத்தார். மேலே சொல்லை எழுதினார், நடுவில் வாக்கியத்தை அப்படியே எழுதினார். சொன்னவர்: தோன்கா, 24, ரோசாவெத்ஸ். அதற்குக் கீழே இன்னொரு வரி தொடங்கினார். கேட்டவர்: யானா.

தோன்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "சார், அது செல்லுமா? யாராவது கேட்டா?"

"வித்தின்னு ஒரு ஊர்ல ஒருத்தன் தன் கழுதைகிட்ட பேசினதை எழுதி, கேட்டது கழுதைன்னு அச்சே போட்டிருக்கோம். எவனும் கேக்கல" என்றார் அசேன். "யார்கிட்ட சொன்னீங்களோ அவங்க பேரைத்தான் எழுதறேன். பொய் ஒண்ணும் எழுதல." பேனா அடுத்த இடத்துக்கு வந்து நின்றது. "வயசு?"

பாதி எழுந்தவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் பொறக்கல சார்."

அசேன் அதையும் அப்படியே எழுதினார்.